கேமிங் பிசிக்கு காஸ்ட்லி பிராசஸர் தேவையா? டெல்டா வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் தாங்குமா? முழு விளக்கம்

தை பிறந்து, சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நேரம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

"அப்பா, கேமிங் பிசி ஒண்ணு அசெம்பிள் பண்ணணும்பா."

"எவ்வளவுடா ஆகும்?"

மகன் லிஸ்ட்டை நீட்டுவார். அதில் பிராசஸர் என்று போட்டிருக்கும் விலையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வரும். "கட்டை விரல் அகலம் இருக்கிற சில்லுக்கு ஏன்டா இவ்வளவு?"

நியாயமான கேள்விதான். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு, தமிழக அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதாவது 40 கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். பிராசஸரில் தேவையில்லாமல் 20 ஆயிரம் கூடுதலாகப் போட்டால், 20 மூட்டை நெல்லைத் தூக்கிக் கொடுத்ததற்குச் சமம். அப்படியென்றால் எதை வாங்கலாம்? எதைத் தவிர்க்கலாம்? பார்க்கலாம் வாங்க.

பிராசஸர் என்ன வேலை செய்கிறது?

கேமில் திரையில் தெரியும் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஆனால் எதை வரைய வேண்டும் என்று சொல்வது பிராசஸர். எதிரி எங்கே நிற்கிறார், குண்டு எந்தப் பக்கம் பாய்கிறது, வண்டி மோதினால் என்ன ஆகும் என எல்லாக் கணக்கையும் போடுவது அதுதான்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. அதுவே 240 ஹெர்ட்ஸ் என்றால் வெறும் 4.2 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் பிராசஸர் கணக்கை முடிக்காவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டாக இருந்தாலும் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். கேம் திடீரென்று திக்கித் திணறுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கோர் அதிகம் இருந்தால் வேகம் அதிகமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 8 கோரை விட 16 கோர், 16 கோரை விட 24 கோர் வேகம் என்று நினைப்பது இயல்பு. வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் போன்ற வேலைகளுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் இன்றைய கேம்களில் பெரும்பாலானவை 8 நல்ல கோருக்கு மேல் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

கேமுக்குக் கோர் எண்ணிக்கையை விட அதிகம் கைகொடுப்பது கேஷ் மெமரி. சமையல்கட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் அரிசி டப்பாதான் கேஷ். கொல்லைப்புறக் குதிர்தான் ராம். ஒவ்வொரு படி அரிசிக்கும் குதிருக்கு நடந்தால் சமையல் எப்போது முடியும்? டப்பா பெரிதாக இருந்தால் நடை மிச்சம்.

ஏஎம்டி நிறுவனம் 2022-ல் ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப்பில் செய்தது இதைத்தான். கூடுதல் கேஷை பிராசஸர் மேலேயே ஒரு மாடி போல அடுக்கியது. பெயரின் கடைசியில் வரும் 'எக்ஸ்3டி' என்பதற்கு அதுதான் அர்த்தம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த மாடி கீழே போய், கோர்கள் மேலே வந்துவிட்டன. இதனால் கோர்களின் சூடு கூலருக்கு நேராகப் போகிறது.

லிஸ்ட்டில் இருக்கும் நான்கு பெயர்கள்

ரைசன் 7 9800எக்ஸ்3டி: 8 கோர். எல்3 கேஷ் 96 எம்பி. அறிமுக விலை 479 டாலர். கேம் மட்டும்தான் என்பவர்களுக்கு நேரான தேர்வு.

ரைசன் 9 9950எக்ஸ்3டி: 16 கோர். 2025 மார்ச்சில் வந்தது. அறிமுக விலை 699 டாலர். இதில் 8 கோர் கொண்ட இரண்டு பகுதிகள் உள்ளன. கூடுதல் கேஷ் ஒரு பகுதிக்கு மட்டும்தான். கேம் ஓடும்போது வேலை அந்தப் பகுதிக்கே போக வேண்டும். அதனால் கேமில் மட்டும் பார்த்தால் 9800எக்ஸ்3டி-யை விடப் பெரிய லாபம் இல்லை. இரண்டுக்கும் 220 டாலர் வித்தியாசம். வரி சேராமலே சுமார் 19 ஆயிரம் ரூபாய், அதாவது 19 மூட்டை நெல். யூடியூப் வீடியோ எடிட்டிங், அனிமேஷன் என்று சம்பாதிக்கும் வேலையும் இருந்தால் மட்டும் இதற்கு அர்த்தம் உண்டு.

கோர் அல்ட்ரா 9 285கே: இன்டெலின் 24 கோர் சிப். 2024 அக்டோபரில் 589 டாலருக்கு வந்தது. முந்தைய தலைமுறையை விடக் கரண்ட் குறைவாக எடுக்கிறது, எடிட்டிங் வேலைகளில் நன்றாக ஓடுகிறது. ஆனால் வெளியானபோது பல கேம்களில் தன் முன்னோடியான 14900கே-வையே முந்தவில்லை. எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று இன்டெல் தரப்பே ஒப்புக்கொண்டது.

கோர் ஐ9 14900கே: 2023 அக்டோபரில் வந்தது. 24 கோர், 6 கிகாஹெர்ட்ஸ் வேகம். பேப்பரில் பார்த்தால் அசத்தல்தான். ஆனால் இதை வாங்குமுன் ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்டெல் சிப்களில் என்ன நடந்தது?

13 மற்றும் 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சிப்களை வாங்கிய பலருக்குக் கேம் பாதியில் மூடிக்கொள்வது, சிஸ்டம் கிராஷ் ஆவது எனத் தொல்லைகள் வந்தன. சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜில் இயங்கியதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. அடுத்தடுத்த மாதங்களில் திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. பாக்ஸில் விற்ற சிப்களுக்கு 3 வருட வாரண்டி 5 வருடமாக நீட்டிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அப்டேட் இனி வரும் சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பழுதான சிப்பைச் சரிசெய்யாது. அதனால் 'செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வருது' என்று இந்தத் தலைமுறைச் சிப்பை வாங்குவது ரிஸ்க். முந்தைய உரிமையாளர் அதை எத்தனை மாதம் பழைய பயாஸில் ஓட்டினார் என்பது வெளியில் தெரியாது.

ஏஎம்டி தரப்பும் தப்பவில்லை. 2023-ல் சில 7000 வரிசை எக்ஸ்3டி சிப்கள் அதிக வோல்டேஜால் கருகின. பின்னர் அந்த வோல்டேஜ் 1.3-க்கு மேல் போகாதபடி பயாஸ் அப்டேட் வந்தது. ஆக, எந்த கம்பெனி என்றாலும் பிசி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பயாஸ் அப்டேட்தான்.

டெல்டா வெயில் சொல்லும் கணக்கு

ரிவ்யூ வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி ஓடும் அறையில் எடுக்கப்படுபவை. தஞ்சாவூரில் சித்திரை, வைகாசியில் மதியம் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கூலர், சிப்பின் சூட்டை அறை வெப்பத்தை விட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 24 டிகிரி என்றால் சிப் 74-ல் நிற்கும். அதே கூலர், அதே கேம், அறை 38 டிகிரி என்றால் சிப் 88-க்குப் போகும். 9800எக்ஸ்3டி-யின் உச்ச வரம்பு 95 டிகிரி. 14900கே-வுக்கு 100. வரம்பை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயிலில் போய்விடும்.

9800எக்ஸ்3டி-யின் டிடிபி 120 வாட். 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். கேமில் அவ்வளவு போகாது என்றாலும், இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அதே அறையில் சூடாகத்தான் வெளியே வரும்.

கரண்ட் பில்லுக்கும் இது பொருந்தும். இரண்டு சிப்புக்கும் கேமில் 100 வாட் வித்தியாசம் என்றால், தினமும் 5 மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் கூடும். யூனிட் ஏற ஏற ஸ்லாப்பும் மாறும் என்பது வீட்டில் பில் கட்டுபவருக்குத் தெரியும்.

இன்னொன்று தூசி. அறுவடை மெஷின் வயலில் இறங்கும் நாட்களில் வைக்கோல் தூசி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும். முன்பக்கம் ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பார்த்து வாங்கி, மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தால் போதும்.

கரண்ட் கட் ஆனால்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை டெல்டா மக்கள் மறக்கவில்லை. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. புயல் இல்லாத நாட்களிலும் மாதாந்திரப் பராமரிப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் எனத் தொல்லைகள் உண்டு.

எனவே யூபிஎஸ் கட்டாயம். அதில் எழுதியிருக்கும் 'விஏ' எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 300 வாட் கிராபிக்ஸ் கார்டும் 120 வாட் பிராசஸரும் இருந்தாலே 420 வாட் ஆகிவிட்டது. மானிட்டர் தனி. கரண்ட் போன நொடியில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்தால் வாங்கியும் பயனில்லை.

முக்கியமாக, பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கிப்போகலாம். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

உண்மையிலேயே பிராசஸர்தான் பிரச்சினையா?

ஏற்கெனவே பிசி இருப்பவர்கள், புதுசு வாங்குமுன் ஐந்தே நிமிடத்தில் இதைச் சோதிக்கலாம். கேம் செட்டிங்கில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால், திணறுவது கிராபிக்ஸ் கார்டு. எஃப்பிஎஸ் அப்படியே நின்றால், திணறுவது பிராசஸர்.

வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்களை 1080பி-யில் 240 ஹெர்ட்ஸில் ஆடுபவர்களுக்குப் பிராசஸர் பெரிய வித்தியாசம் காட்டும். 4கே திரையில் கதை சார்ந்த கேம் ஆடுபவர்களுக்கு வேலை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில். அவர்களுக்கு 9800எக்ஸ்3டி-க்கும் சாதாரண 8 கோர் ரைசன் 7 9700எக்ஸுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே புத்திசாலித்தனம்.

இவை இரண்டும் ஏஎம்5 சாக்கெட்தான். 2027 வரையும் அதற்குப் பிறகும் இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இப்போது 9700எக்ஸ் வாங்கி, தேவைப்பட்டால் பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

தஞ்சாவூர், திருச்சியில் வாங்கினாலும் சரி, பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது "பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா?" என்பது. பாக்ஸ் பீஸ் என்றால் பொதுவாக 3 வருட கம்பெனி வாரண்டி உண்டு. ட்ரே பீஸ் விலை குறையும், ஆனால் வாரண்டி கடைக்காரர் கையில்தான்.

18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் வாங்குங்கள். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்றால், நாளை பழுதானால் ஆதாரம் இல்லை. பாக்ஸ் மேல் இருக்கும் சீரியல் எண் பில்லிலும் இருக்க வேண்டும்.

மதர்போர்டு சாக்கெட் மூடியைத் திறந்து, உள்ளே பின்கள் நேராக இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். வளைந்த பின்னோடு 300 கிலோமீட்டர் தாண்டி ஊருக்கு வந்துவிட்டால், "அது நீங்க வளைச்சதுதான்" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆக, எதை வாங்கலாம்?

வேகமான போட்டி கேம்தான் உயிர் என்றால் 9800எக்ஸ்3டி. கேமோடு எடிட்டிங்கிலும் வருமானம் என்றால் 9950எக்ஸ்3டி. 4கே திரையில் நிதானமாக ஆடுபவர் என்றால் 9700எக்ஸே போதும். எதை வாங்கினாலும் நல்ல கூலருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் காசை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

இந்தக் கணக்கை எழுதிக் காட்டினால், "இந்தச் சில்லுக்கு ஏன்டா இவ்வளவு?" என்று கேட்ட அப்பாவுக்கும் பதில் கிடைத்துவிடும். லிஸ்ட்டில் நாலு மூட்டை குறையவும் வாய்ப்பு இருக்கிறது.