மதுரை – சென்னை: ஆகாயத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு?



மதுரைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலம்" என்றுதான் பதில் வரும். கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. சர்வே படிக்கிற நாமாவது இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

ஆகாயத் தூரத்துக்கு கால்குலேட்டர் போதும். மதுரை வடக்கு அட்சம் 9.93 டிகிரி, கிழக்குத் தீர்க்கம் 78.12. சென்னை 13.08, 80.27. அட்ச வித்தியாசம் 3.15 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. என்றால் வடக்கே 350 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 2.15. இங்கே 111-ஐ அப்படியே போடக்கூடாது. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். அதனால் நடு அட்சமான 11.5 டிகிரியின் காஸ் மதிப்பு 0.98-ஆல் பெருக்க வேண்டும். கிழக்கே 234 கி.மீ. வரும். அப்புறம் நம்ம பிதாகரஸ்தான். விடை சுமார் 420 கி.மீ.

சாலையில் மேலூர், விராலிமலை, திருச்சி, பெரம்பலூர், விழுப்புரம் வழியாகச் சுமார் 460 கி.மீ. பத்து சதவீதம்தான் கூடுதல். குறுக்கே பெரிய மலை எதுவும் இல்லாததே காரணம். பழனியிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 25 கி.மீ. கூட இல்லை, ரோட்டிலோ 60-க்கு மேல்!

தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், நேரம்தான் ஏமாற்றும். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னாடியே நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி. இதுவே நாலரை மணி ஆச்சு. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். சென்னை ரோட்டிலேயே இருக்கிறோம். ஆனால் விமானம் ஏற வேண்டுமானால் சென்னைக்கு எதிர்த்திசையில் மதுரையைத் தாண்டி 40 கி.மீ. போகணும்! (எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். விமானத்தை இதுவரை அண்ணாந்து பார்த்ததோடு சரி.)

பஸ்ஸுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் சராசரி வேகம் 57 கி.மீ.தான். நாலு வழிச் சாலையில் பறக்கிற பஸ்ஸுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். சாப்பாட்டுக்கு நிறுத்துவது, சுங்கச்சாவடி, ஆள் ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்ந்துதான் சராசரி.

அந்த எட்டு மணியும் சென்னை வரைக்கும் இல்லை. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு நம் பக்கத்துப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பழைய கோயம்பேட்டுக்கு அங்கிருந்து இன்னும் சுமார் 30 கி.மீ. போன வருஷம் ஒரு சீனியர் அண்ணன் கோயம்பேடு என்று நினைத்துப் போய், இன்டர்வியூவுக்கு நாற்பது நிமிஷம் லேட்டாகி, உள்ளே விடாமல் திரும்பி வந்தார்.

ஆகவே கடிதம் வந்தால் 'சென்னை' என்பதோடு நிற்காமல் எந்த ஏரியா என்று பாருங்கள். அம்பத்தூரில் காலை 9 மணி என்றால் கிளாம்பாக்கத்தில் 6 மணிக்கு இருக்கணும். பஸ் லேட்டாக ஒரு மணி விட்டு, மாட்டுத்தாவணியில் இரவு 9 மணிக்கே ஏறணும். ஒரகடம் என்றால் கிளாம்பாக்கம் வரை போகவே வேண்டாம். அதற்கு முன்னாடி சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தே ரோடு பிரிகிறது. அங்கே பஸ் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.