நட்சத்திரம் கெட்டால் டிசாஸ்டர்!

மேத்ஸ் பேப்பர் டிசாஸ்டர், கேன்டீன் சாம்பார் டிசாஸ்டர், ஹாஸ்டல் டே நாடகம் அதைவிடப் பெரிய டிசாஸ்டர்! நண்பர்களே, நாம் இப்படிப் பந்தாடும் வார்த்தைக்குள் ஒரு நட்சத்திரம் ஒளிந்திருப்பது தெரியுமா?

இதன் பிறந்த வீடு இத்தாலி. அங்கே ‘அஸ்த்ரோ’ என்றால் நட்சத்திரம். முன்னால் நிற்கும் ‘திஸ்’ கெட்டதைக் குறிக்கும். சேர்த்தால் ‘திசாஸ்த்ரோ’. அதாவது, கிரகம் சரியில்லை! நம்ம வீட்டுப் பாட்டி சொல்வதும் இதைத்தானே? 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இதை வாங்கிக்கொள்ள, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. ஸ்பானியம், போர்ச்சுகீஸ் மொழிகளிலும் உண்டு. ‘இன்ஃப்ளூயன்சா’ கூட இத்தாலிச் சரக்குதான். காய்ச்சலுக்கு நட்சத்திரங்களின் ‘பாதிப்பு’ காரணம் என்று நம்பிய காலத்துப் பெயர்.

பிரெஞ்சில் பண்பில்லாத முரடனை ‘மலோத்ரு’ என்பார்கள். மூலத்தில் அதற்குக் கெட்ட நட்சத்திரத்தில் பிறந்தவன் என்று அர்த்தம். பாவம், முதலில் பரிதாபப்பட்டவர்கள் அப்புறம் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்! ஸ்பெயினில் 1898-இல் அமெரிக்காவிடம் தோற்றுக் கியூபா, பிலிப்பைன்ஸ் எல்லாம் கைவிட்டுப் போனதே, அதற்குப் பெயரே ‘டிசாஸ்டர்’தான். போர்ச்சுகலிலோ சாலை விபத்துக்கும் இதே வார்த்தை.

அந்தப் போர்ச்சுகலின் கதைதான் சிவில் படிக்கும் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1755 நவம்பர் 1, காலை நேரம். லிஸ்பன் நகரை நிலநடுக்கம் குலுக்கியது, பிறகு கடல் ஏறியது, தீயும் பிடித்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். தெய்வ கோபம் என்று பலர் பிரசங்கம் செய்தார்கள். ஆனால் பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர், எவ்வளவு நேரம் ஆடியது, எத்தனை தடவை ஆடியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்று ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பினார். இதுவல்லவா கேள்வித்தாள்!

புதிய வீடுகளின் சுவருக்குள் குறுக்குக் கட்டை போட்ட மரச்சட்டம் வைக்கச் செய்தார்கள். அதற்குப் பெயர் ‘கையோலா’, கூண்டு என்று அர்த்தம். மாதிரிச் சட்டத்தைச் சுற்றிச் சிப்பாய்களை அணிநடை போடவைத்துச் சோதித்ததாகச் சொல்வார்கள். கல் சுவர் உதிர்ந்தாலும் கூண்டு தளத்தைத் தாங்கும் என்பது கணக்கு. லிஸ்பனின் பைஷா பகுதியில் அந்தக் கூண்டுகள் சில சுவர்களுக்குள் இன்னமும் இருக்கின்றன.