கல்லெழுத்தும் காலைச் சிற்றுண்டியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய சிவன் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. வீட்டுக்கு வீடு வரி வசூலித்தும், வெளியூர்களில் தொழில் செய்வோரிடம் நன்கொடை பெற்றும் ஊர்மக்கள் மனநிறைவோடு செய்த பணி அது. குடமுழுக்குக்குச் சென்றிருந்த நான் கருவறையைச் சுற்றி வந்தபோது, முன்பு பார்த்திருந்த எழுத்துகளைக் காணவில்லை. அதிட்டானத்தில் வரிவரியாக ஓடிய கல்வெட்டின் மீது வழுவழுப்பான ஓடுகளைப் பதித்திருந்தார்கள். திருப்பணியை முன்னின்று நடத்திய பெரியவரிடம் கேட்டேன். "கிறுக்கல் மாதிரி இருந்துச்சு சார். யாருக்கும் படிக்கத் தெரியலை. பார்க்கச் சுத்தமா இருக்கட்டுமேன்னு ஒட்டிட்டோம்" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று அந்த ஊரில் அவருக்கு யாரும் சொல்லியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை நாலு பேர் வந்து அதைப் படித்துக் காட்டி, ஊராரோடு அமர்ந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தால் ஓடு பதிக்க வந்த கொத்தனாரை அவரே தடுத்திருப்பார். வரலாற்று ஆர்வலர் குழுக்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கதைதான்.

இடைக்கால வரலாற்றைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. 1966-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சிலர் ஐரோப்பிய வீரர்களைப்போல் உடையணிந்து கூடினார்கள். அந்தக் கூட்டம் பிற்பாடு பல நாடுகளில் கிளைவிட்ட ஒரு சங்கமாக வளர்ந்தது. கவசம் அணிந்து வாட்போர் பயில்வதும், அக்கால முறையில் விருந்து சமைத்து உண்பதும் அவர்களுடைய வழக்கம். நம் ஊர் வெயிலுக்குக் கவசம் ஒத்துவராது. நம்மவர்கள் விடியற்காலையில் மலையேறுகிறார்கள்.

தமிழகத்தில் இந்த ஆர்வத்துக்கு நல்ல மரபு இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவரான இரா. கலைக்கோவன் 1982-ஆம் ஆண்டு மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையத்தைத் தொடங்கினார். சோழர் கோயில்களைப் பற்றித் துறைசார் அறிஞர்களும் மதிக்கும் நூல்கள் அங்கிருந்து வெளிவந்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை விரும்பிய வாசகர்கள் இணையத்தில் ஒன்றுகூடி, பிறகு கோயில்களைத் தேடிப் பயணம் போனார்கள். அவர்களில் சிலர் 2004-இல் வரலாற்றுக்கென்றே ஓர் இணைய இதழைத் தொடங்கினார்கள். புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் ஆர்வலர் அமைப்புகள் இயங்குகின்றன. திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் மாணவர்கள் கல்வெட்டுப் படிக்கப் பழகினார்கள்.

எனினும், ஒரு குழுவின் கூடிப்பழகும் பக்கத்தைப் புரிந்துகொள்ள மதுரையின் 'பசுமை நடை'யைப் பார்ப்பதே சிறந்தது. 2010-ஆம் ஆண்டு, யானைமலையைச் சிற்ப நகரமாகச் செதுக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. அடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. அந்த மலையில் கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பாண்டிய மன்னனின் அமைச்சன் மாறன் காரி அதைத் தொடங்கினான். அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தான். கூப்பிடு தூரத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். இதையெல்லாம் நகரவாசிகள் பலர் அந்தச் சர்ச்சையின்போதுதான் அறிந்தார்கள். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைத்த நடைப் பயணங்கள் அந்தச் சூழலில் பிறந்தவை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூடுகிறார்கள். குழந்தைகள், கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், முதியோர் என எல்லோரும் மலையேறுகிறார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையருகே நின்று விளக்குகிறார்கள். கையில் ஒரு வரலாற்றுக் குறிப்புத்தாள். பிறகு கீழே இறங்கி, மரநிழலில் வரிசையாக உட்கார்ந்து காலைச் சிற்றுண்டி. இருபத்தைந்தாவது நடையை 2013-இல் கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்து ஆலமரத்தின் கீழ் 'விருட்சத் திருவிழா' என்ற பெயரில் விழாவாகவே கொண்டாடினார்கள்.

அந்தச் சிற்றுண்டியைத் துணைநிகழ்ச்சியாக நினைப்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பொருளியல் படித்தவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். கல்வெட்டு என்பது ஒரு பொதுப்பண்டம். அதைப் பாதுகாப்பதன் பயன் எல்லோருக்கும். செலவும் சிரமமும் யாருக்கும் உரியதல்ல. இத்தகைய பொருளைக் காக்க அரசு வேண்டும், இல்லையேல் தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்பது பழைய பாடம். எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் மூன்றாவது வழியைக் காட்டினார்: பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் ஒருவரையொருவர் அறிந்து, அடிக்கடி கூடி, தமக்குள் விதிகளை வகுத்துக்கொள்ளும் இடங்களில் அது அழியாமல் நிலைக்கிறது. அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒருவரையொருவர் அறிவதும் அடிக்கடி கூடுவதும் எங்கே நடக்கின்றன? பெரும்பாலும் இலையின் முன்புதான்.

அரிட்டாபட்டியில் இதன் விளைவைக் கண்டோம். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையும் சமணர் படுகையும் தமிழ்பிராமி எழுத்தும் கொண்ட மலை அது. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் அப்பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது, ஊர்மக்கள் நீர்நிலைகளோடும் வயல்களோடும் சேர்த்துத் தங்கள் கல்வெட்டுகளையும் பட்டியலிட்டார்கள். 2025 ஜனவரியில் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. நடைக் குழுக்களே இதைச் சாதித்தன என்று சொல்லமாட்டேன், சாதித்தவர்கள் விவசாயிகள். ஆனால் மலையைப் பற்றிப் பேச அவர்களிடம் சொற்கள் தயாராக இருந்தன.

நம் பக்கம் திரும்புவோம். 1985-இல் உருவான விருதுநகர் மாவட்டம் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு ஆண்டில் இரண்டு வேளைகளில் வருகிறது: தீபாவளிக்கு முன்பும், வெடிவிபத்து நடக்கும்போதும். 2022 மார்ச்சில் வெம்பக்கோட்டை அகழாய்வு தொடங்கிய பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. சங்கு வளையல்களும் பொன்னணிகளும் கிடைத்த செய்தி வந்தபோது இப்பகுதி மக்கள் அடைந்த மகிழ்ச்சியை நேரில் கண்டேன். நல்லதுதான். ஆனால் கீழடிக்குப் பிறகு நம்முடைய பெருமிதம் முழுவதும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய காலத்தில் போய் நின்றுவிட்டது. நடுவிலுள்ள ஆயிரம் ஆண்டு, தரைக்கு மேலேயே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

வெம்பக்கோட்டையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள செவல்பட்டியிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மூவரைவென்றானிலும் முற்காலப் பாண்டியரின் குடைவரைக் கோயில்கள் உள்ளன. குண்டாற்றங்கரையில் திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் இருக்கிறது. இறந்த அரசனின் நினைவாக எழுப்பும் கோயிலைப் பள்ளிப்படை என்பார்கள். பள்ளிமடத்துக் கோயில் சுந்தரபாண்டியனின் பள்ளிப்படை. பாண்டிய நாட்டில் இவ்வகைக் கோயில் அரிது. காரியாபட்டிப் பக்கத்துக் குறண்டியோ இன்னும் வியப்பானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே திருக்காட்டாம்பள்ளி என்ற பெயரில் சமணர்களின் பெரும் கல்விநிலையம் ஒன்று இருந்தது. அதன் துறவியரின் மாணாக்கர்கள் செய்வித்த சிற்பங்களும் கல்வெட்டுகளும் மேலே சொன்ன சமணர் மலையில்தான் இருக்கின்றன. மதுரைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடிநின்று படிப்பது நம் மாவட்டத்து ஊர்ப்பெயரை. குறண்டி வழியாகப் பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த மாவட்டத்தில் இடைக்கால வரலாறு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் வழிவந்தோர் தாங்களே என்று நிறுவச் சாதிவாரியாக நூல்கள் எழுதப்பட்டன. யாருக்கு எந்தக் கோயிலுக்குள் செல்லும் உரிமை உண்டு என்பது அந்த வாதத்தோடு பிணைந்திருந்தது. 1899-இல் சிவகாசி எரிந்தது, உயிர்கள் பலியாயின. அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஏதேனும் ஓர் ஊரில் வீரன் சிற்பமோ நடுகல்லோ கண்டெடுக்கப்பட்ட செய்தி வந்தால், அவன் எந்தச் சாதி என்ற சண்டை அன்று மாலையே கைப்பேசிகளில் தொடங்கிவிடுகிறது. அரசர்களுக்குச் சாதிவாரியாகச் சுவரொட்டி ஒட்டப்படுகிறது. (அந்த அரசர்களின் உண்மையான முகம் யாருக்கும் தெரியாது, சுவரொட்டியில் இருப்பது நாள்காட்டி ஓவியரின் கற்பனை.)

இதற்கு மருந்து, கல்வெட்டையே படிப்பதுதான் என்பது என் அனுபவம். போர்ப்பெருமை பேசும் மெய்க்கீர்த்தி சில வரிகளில் முடிந்துவிடும். அதன்பின் வருவதெல்லாம் கணக்கு. திருச்செந்தூரில் வரகுண பாண்டியனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயில் செலவுக்காக 1,400 காசுகளைப் பல ஊர்களின் சபைகளிடம் முதலீடாகக் கொடுக்கிறான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி, முதலைத் தொடக்கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, ஓர் எருமைக்கு ஆறு ஆடு என்ற மாற்று விகிதம் அங்கே கல்லில் நிற்கிறது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் அந்த எண்ணிக்கையைக் குறையாமல் காத்து நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரின் பொருள் அதுவே. இந்தக் கணக்கை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அந்த வகுப்பில் இருந்தனர். ஆடு வளர்த்தவருக்கு என்ன மிஞ்சியது என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த ஆண்டு என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு கல்வெட்டைப் படிக்கும்போது, நம் முன்னோர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், இந்த எழுத்து 'ன'வா 'ண'வா என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. பிறகு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 1899 நடந்த ஊரிலிருந்து இரண்டு பேருந்து தூரத்தில் இதைச் சிறிய காரியம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

குழுக்களால் கேடும் வரலாம். எழுத்து தெரியவேண்டும் என்பதற்காகச் சிலர் பாறையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள். முறையாகச் செய்வதானால், ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டிப் பதியவைத்து, அதன்மேல் மை ஒற்றிப் படியெடுக்க வேண்டும். அதைத் துறையினரிடம் பயிலாமல் தொடக்கூடாது. நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒளிப்படமே ஆர்வலர்களுக்குப் போதும். நிலத்தில் சிலையோ காசோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்வார்கள். இங்கிலாந்தில் உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்களில் அலையும் பொழுதுபோக்காளர்களை விரட்டுவதற்குப் பதிலாக, அவர்கள் கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், பதிவுகள் குவிந்தன. நம் ஊரிலும் ஆர்வலரைச் சந்தேகத்தோடு பார்க்கும் அலுவலக வழக்கம் மாறினால் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப்பெரியவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போவது மரியாதை. நம்மவர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்திலும் தனி ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் சிலைகளையும் நடுகற்களையும் தேடித்தேடிப் பதிவு செய்கிறார்கள். செய்தித்தாளில் ஒரு பத்தியாக அது வருகிறது. மாதம் தவறாமல் குடும்பத்தோடு கூடும் வழக்கந்தான் இன்னும் வேர்பிடிக்கவில்லை. பட்டாசுத் தொழிலின் நாள்காட்டியே அதற்கு இடம் தருகிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓய்கின்றன. வெயில் தணிந்து, கண்மாய்களில் நீர் நிற்கும் பருவம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாறையேறலாம். அச்சகங்கள் நிறைந்த ஊரில் ஒரு குறிப்புத்தாள் அச்சடிப்பதும் பெரிய செலவாகாது. பள்ளிமடத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்து இருக்கிறது. இட்லிப் பாத்திரத்தை யார் தூக்கி வருவது என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும்.