உண்ணியும் உதிரமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டை போன்ற புறநகர்ப் பகுதிகளில், லாரிகளுக்கும் லேத்துப் பட்டறைகளுக்கும் இடையே, கறவை மாடு வைத்துப் பிழைப்போரையும் தெருநாய்க்குச் சோறு வைப்போரையும் இன்றும் காணலாம். மாடு காய்ச்சல் கண்டு, தீனி எடுக்காமல் நின்று, அதன் மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்குமானால், கால்நடை வைத்தியர் வந்து சேர்வதற்கு முன்பே, 'இது உண்ணியால் வந்த காய்ச்சல்' என்று அனுபவஸ்தர்கள் தீர்மானித்துவிடுவார்கள். அத்தீர்மானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் மாடு மேய்ப்பவனின் இத்தகைய அபிப்பிராயத்துக்கு விஞ்ஞானம் செவிசாய்க்க வெகுகாலம் பிடித்தது.

இந்த வியாதிக்குக் காரணம் பபேசியா என்னும் ஓரணு ஜீவி. 1888ஆம் ஆண்டில் ருமேனிய விஞ்ஞானி விக்டர் பாபெஷ் மாட்டின் ரத்தத்தில் இதைக் கண்டமையால் அவர் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. இது சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. உடைந்த அணுக்களின் சிவப்புச் சத்து சிறுநீரோடு கலந்து வெளியேறுவதே மூத்திரம் கறுத்துச் சிவப்பதன் காரணம்.

அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள், தாம் யாதொரு நோயுமின்றித் திடகாத்திரமாக இருந்துகொண்டே, சென்ற வழியிலெல்லாம் வடபகுதி மாடுகளை இதே வியாதியால் கூட்டங்கூட்டமாகச் சாகச் செய்த விந்தை அக்காலத்துப் பண்டிதர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது. 'எல்லாம் உண்ணியின் வேலை' என்று மாட்டுக்காரர்கள் சொன்னதைப் படித்தவர்கள் பலர் நகைத்துத் தள்ளினார்கள். தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் விஞ்ஞானிகள் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். தென்பகுதி மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு வடபகுதி மாடுகளோடு சேர்த்துக் கட்டியபோது நோய் பரவவில்லை. தென்பகுதி மாடு ஒன்றுகூட இல்லாத வயலில் உண்ணிகளை மட்டும் தூவியபோதோ, அங்கே மேய்ந்த மாடுகள் நோயில் விழுந்தன. இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த உண்ணி பிறந்தது முதல் வளர்ந்து முடியும் வரையில் ஒரே மாட்டின்மீது ஒட்டிக்கிடந்து, பிறகு தரையில் விழுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறதே, அது வேறொரு மாட்டைக் கடிப்பதேது? தாயின் முட்டை வழியாகவே கிருமி குஞ்சுகளுக்குச் சென்று, அக்குஞ்சுகள் புதிய மாட்டைப் பற்றுகின்றன என்பதே விடையாயிற்று. 1893இல் வெளியான இவ்வாராய்ச்சி, ஒரு சிற்றுயிர் கடித்து நோயைப் பரப்புகிறது என்பதற்கு முழுமையான நிரூபணமாக அமைந்தது. ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் பிந்தித்தான்.

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் இடமுண்டு. 1903இல் இங்கே டாக்டர் சார்லஸ் டோனோவன் நோயாளிகளின் மண்ணீரலில் கண்ட நுண்ணுயிரை, பாரிஸிலிருந்த லாவெரான் முதலிய மேதைகள் பபேசியாவின் இனத்தைச் சேர்ந்ததென்றே கருதி, அந்த இனத்தின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். அது தவறென்றும், காலா ஆசார் என்னும் வேறொரு நோயின் கிருமி அதுவென்றும் விரைவிலேயே தெளிவாயிற்று. பிறகு 1910இல், கிண்டி கிங் ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடைய பேட்டன் என்னும் ராணுவ மருத்துவர், ஆங்கிலேயர் இங்கே வேட்டைக்கென வளர்த்த நாய்களின் ரத்தத்திலும், பின்னர் குள்ளநரியின் ரத்தத்திலும் ஒரு புதிய பபேசியாவைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 'கிப்சோனி' என்னும் அந்த வகை, துரைமார்களின் வேட்டை மறைந்த பின்னும் நம் ஊர் நாய்களை விட்டபாடில்லை. வழக்கமான ஊசிமருந்துகள் அதை எளிதில் வேரறுப்பதில்லை. குணமான நாய்க்கும் அது மீண்டும் தலைகாட்டுவதுண்டு.

மனிதனுக்கு இந்நோய் வருமா என்ற வினாவுக்கு 1957இல்தான் ஐயமற்ற விடை கிடைத்தது. யுகோஸ்லாவியாவில் ஜாக்ரெப் நகரை அடுத்த பகுதியில், மண்ணீரல் அகற்றப்பட்ட விவசாயி ஒருவர் பபேசியாவால் மாண்டார். பழுதுற்ற சிவப்பணுக்களை ரத்தத்திலிருந்து அரித்தெடுப்பது மண்ணீரலின் தொழிலாதலால், அதை இழந்தவர்களே முதலில் இரையாவது இயல்பு. ஆனால் 1969இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில், மண்ணீரல் நன்றாக இருந்த ஒருவருக்கே இது கண்டது. எலி இனங்களில் வாழும் 'மைக்ரோட்டை' என்னும் வகை அது. தானம் பெற்ற ரத்தத்தின் வழியாகவும் இது பரவுவதால், 2019 முதல் அந்நாட்டின் பல மாநிலங்களில் தானரத்தத்தைப் பபேசியாவுக்காகச் சோதிக்க வேண்டுமென்று அரசு பரிந்துரைத்துள்ளது. இந்தியாவிலும் மனிதரிடம் இந்நோய் கண்ட செய்தி 2005இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

நம் நாட்டில் இது அரிதா, அல்லது கண்ணுக்குத் தப்புகிறதா என்று சந்தேகிக்க இடமுண்டு. ஏனெனில் மலேரியாக் கிருமியைப் போலவே பபேசியாவும் சிவப்பணுவுக்குள் மோதிர வடிவில் தோன்றுகிறது. மலேரியா விட்டுச்செல்லும் பழுப்புநிறப் பொடி இதில் இராது என்பதும், சில சமயம் நான்கு கிருமிகள் சிலுவைபோல் சேர்ந்து நிற்கும் என்பதும் பழகிய கண்ணுக்குத்தான் புலப்படும். கால்நடை வைத்தியர் நாள்தோறும் காணும் கிருமியை மனித வைத்தியர் ஆயுளில் ஒருமுறையும் காணாதிருப்பது, வியாதியின் குணத்தைவிட நாம் வைத்தியத்தை இரண்டு கட்டடங்களாகப் பிரித்து வைத்திருக்கும் முறையைத்தான் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

இதைப் படித்துவிட்டு நாயை விரட்டுவதற்கோ பாலை நிறுத்துவதற்கோ அவசியமில்லை. நாய்களைத் தாக்கும் கிப்சோனி மனிதரைத் தொற்றுவதாகத் தெரியவில்லை. பால் வழியாக இது பரவுவதுமில்லை. உண்ணியை விரலால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். உண்ணி முட்டையிடும் தொழுவத்துச் சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் மாடோ நாயோ இருப்பதையும், உண்ணி கடித்திருந்தால் அதையும், மண்ணீரல் எடுக்கப்பட்டிருந்தால் அதையும், அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.