பழ ஒவ்வாமை: இரத்தப் பரிசோதனை கூறுவது எது, கூறாதது எது?

வாழைப்பழம் உண்டவுடன் உதடு தடிக்கிறது. பப்பாளி உண்டால் தொண்டை அரிக்கிறது. இத்தகைய குறைகளுடன் வருவோரிடம், எந்தப் பழம், எவ்வளவு, உண்ட எத்தனை நிமிடத்தில் என்பவற்றையே மருத்துவர் முதலில் கேட்பார். இரத்தப் பரிசோதனை அதன் பின்னரே.

தீங்கற்ற பழப் புரதத்தைப் பகையெனக் கருதி உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இம்யூனோகுளோபுலின் ஈ; சுருக்கமாக ஐஜிஇ. குறிப்பிட்ட பழத்திற்கு எதிரான ஐஜிஇ லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் அல்லது அதற்கு மேல் இருப்பின், உடல் அப்பழத்திற்கு உணர்திறன் பெற்றுள்ளது எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். ஒவ்வாமை மாத்திரை உட்கொள்வோரும் அதனை நிறுத்தாமலே இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

ஆயினும் உணர்திறன் வேறு, ஒவ்வாமை வேறு. கர்நாடகத்தில் பெரியவர்களிடையே நடத்தப்பெற்று 2016-இல் வெளியான ஆய்வொன்றில், ஏதேனும் ஓர் உணவிற்கு ஐஜிஇ காணப்பட்டோர் 26.5 விழுக்காட்டினர், ஒவ்வாமை இருக்கக்கூடியவர் எனக் கண்டறியப்பட்டோர் 1.2 விழுக்காட்டினரே. எனவே, எத்தொல்லையுமின்றிக் குழந்தை உண்டுவரும் பழத்தை அறிக்கையை மட்டும் கண்டு நிறுத்திவிடாதீர்கள். ஊட்டம் வீணே குறையும்.

எண் உயர உயர ஒவ்வாமை இருப்பதற்கான வாய்ப்புக் கூடும். அதன் கடுமையை அந்த எண் அளந்து கூறாது. குறைந்த எண் உடையவருக்கும் கடுந்தாக்கம் நேரலாம். எந்தப் புரதத்திற்கு எதிரான ஐஜிஇ என்பதைப் பிரித்தறியும் பரிசோதனை இதில் ஓரளவு உதவும். சில பழப் புரதங்கள் வெப்பத்தில் சிதைபவை. இவற்றால் பெரும்பாலும் வாய் அரிப்பே உண்டாகும். பீச் முதலிய பழங்களிலுள்ள வேறு சில புரதங்களோ வேகவைத்தாலும் செரித்தாலும் சிதையாதவை. கடுந்தாக்கம் இவற்றால் மிகுதி. ஐயம் நீங்காவிடில், மருத்துவர் கண்காணிப்பில் பழத்தைச் சிறிது சிறிதாக உண்ணச்செய்து உறுதிசெய்வர். இதனை வீட்டில் முயலலாகாது.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ரப்பர் கையுறை அணிந்து பணிபுரிவோர் நம் பகுதியில் பலர். இயற்கை ரப்பரின் புரதங்கள் வாழை, பப்பாளி, அவகேடோ ஆகியவற்றின் புரதங்களை ஒத்தவை. கையுறையால் அரிப்போ தடிப்போ இருப்பின் மருத்துவரிடம் கூறுங்கள்; அறுவை சிகிச்சைக்கு முன் தவறாது கூறுங்கள்.

பழம் உண்டபின் மூச்சுத்திணறல், குரல் மாற்றம், மயக்கம் தோன்றினால் மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். அந்நேரத்தில் உயிர்காக்கும் முதல் மருந்து அட்ரினலின் ஊசியே.