கறிக்குள் கிடந்தது மாவுக்கட்டி

கல்முனையின் மதியச் சாப்பாட்டுக் கடைகளில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது இன்று சாதாரணக் காட்சி. போர்க்காலத்தில் ஒருவர் பகுதிக்கு மற்றவர் போக அஞ்சிய நாட்களைக் கண்டவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். முன்பின் தெரியாதவர் சமைத்ததை நாம் நம்பித்தான் உண்கிறோம். அந்த நம்பிக்கையை ஒரு வதந்தி எப்படி உடைக்கும் என்பதை இதே அம்பாறை மாவட்டம் கண்டிருக்கிறது.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர் கறிக்குள் வெள்ளைக் கட்டியொன்றைக் கண்டார். சிங்களவரை மலடாக்க மாத்திரை கலக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, கூட்டம் கூடியது. கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மிரட்டலுக்கு நடுவே அவர் ஆமோதித்தது ஒப்புதல் வாக்குமூலம் போல முகநூலில் பரவியது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அடுத்த வாரம், வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததையடுத்துக் கண்டி மாவட்டத்தின் திகனையில் வன்முறை மூண்டபோதும் இதே வதந்தி உலவியது. மார்ச் 6 இல் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர்தான் வந்தது. கட்டியில் இருந்தது மா. மலடாக்கும் மருந்து எதுவும் இல்லை. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது.

கறிக்குள் மா எப்படி வந்தது? கல்முனையில் நீண்டகாலம் கோக்கியாக இருக்கும் ஒருவரிடம், "நானா, கறிக்கு மா எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆணம் தண்ணியாப் போனா இறுக்கமாக வாறதுக்குக் கொஞ்சம் மா கரைச்சு ஊத்துற தம்பி. அவசரத்துல சும்மா தூவினாக் கட்டிபட்டிரும்" என்றார்.

இதன் காரணம் எளிது. கொதிக்கும் குழம்பில் உலர்ந்த மா விழுந்ததும் அதன் வெளிப்பக்கம் நீரை உறிஞ்சி, வீங்கிப் பசையாகிறது. அந்தப் பசை உள்ளே நீர் போகவிடாமல் மூடிக்கொள்கிறது. நடுவில் மா வேகாமல் தங்கி, வெள்ளை உருண்டையாக மிஞ்சுகிறது. வீட்டில் கூழ் காய்ச்சுபவர்களுக்கு இது புதிதல்ல. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கட்டிபடாது.

உணவில் சந்தேகம் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த உணவை எறியாமல் எடுத்துவைத்து, அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கலாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அம்பாறையில் அந்தச் சில நாட்கள் பொறுத்திருந்தால் கடையும் பள்ளிவாசலும் தப்பியிருக்கும்.

வதந்தியால் ஊரிழந்து, உறவிழந்து பழகியவர்கள் நாம். இன்னொரு சமூகத்தின் அடுப்படியைப் பற்றி நமது கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவதாவது நம் கையில் இருக்கிறது.