வண்டு கடையில் பிறப்பதில்லை

"போன மாதம் வாங்கிய பயற்றில் வண்டு ஓடுகிறதே!" என்று சில்லறை வியாபாரிகள் மண்டிக்கு வந்து சண்டை போடுவது வழக்கம். நாங்களும் ஒரு சமயம் உளுந்து மூட்டைகளை நம்பி வாங்கி, கடைசியில் பாதி விலைக்குத் தள்ளியிருக்கிறோம். வாங்கிய அன்று ஒரு வண்டுகூடக் கண்ணில் படவில்லை.

காரணம் இதுதான். பயறு வண்டு வயலிலேயே முற்றிய காய்களின் மேல் முட்டையிடுகிறது. புழு துளைத்துக்கொண்டு மணிக்குள் புகுந்து, அறுவடையோடு கிடங்குக்கு வந்துவிடுகிறது. முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வெளிவந்த வண்டு மூட்டைக்குள்ளேயே மீண்டும் முட்டையிட்டுப் பெருகும்.

ஆகவே கொள்முதலின்போது ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மணிமேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளி முட்டை; வட்டத் துளை வண்டு வெளியேறிய வழி. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நன்கு வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகே மூட்டை பிடிக்க வேண்டும். வண்டு விழுந்த சாக்கில் புதுச் சரக்கைக் கொட்டக்கூடாது. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டைமேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய வண்டுப் பொறியைப் பயற்றில் செருகி வைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன்பே நடமாட்டத்தை அறியலாம்.

ஒரு எச்சரிக்கை. வண்டுக்கு வைக்கும் நச்சு மாத்திரையைக் கடையில் வைக்கவே கூடாது. ஈரக்காற்று பட்டால் கிளம்பும் வாயு ஆளையே கொல்லும். அதை அரசு அனுமதி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

கொள்முதலில் செலவிடும் இரண்டு நிமிடம் முதலையும் காக்கும். மண்டிக்கும் கடைக்கும் உள்ள நல்லுறவையும் காக்கும்.